இரு முனையும் பிடிபடும் கம்பி

இரத்தக் குழாய் அடைப்பை அறுவையின்றி நீக்கும் மருத்துவத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் பலூனும் ஸ்டென்டுமே முன்னால் வந்து நிற்கின்றன. ஆனால் அவ்விரண்டும் போய்ச்சேர வேண்டிய இடத்திற்கு வழி திறப்பதும், வேலை முடியும்வரை அந்த வழியைக் காத்துக் கிடப்பதும், முடிந்தபின் தடமில்லாமல் உருவப்படுவதும் தலைமுடியைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தடிமனே கொண்ட ஒரு கம்பிதான். வழிகாட்டிக் கம்பி என்பது அதன் பெயர். அதன்மேல் கோத்துச் செலுத்தப்படும் நெகிழ்வான நுண்குழாய் கதீட்டர். பேச்சுவழக்கில் "நெஞ்சில் கம்பி வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லப்படுவது ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயையே குறிக்கிறது. மெய்யான கம்பியோ எந்த நோயாளியின் உடலிலும் தங்குவதில்லை. தங்கினால் அது விபத்து.

இக்கம்பி செல்லும் பாதையை விளக்க ஆற்றை உவமை சொல்வது வழக்கம். மலேசியாவில் பேராக் ஆறு மலாக்கா நீரிணையில் கலக்கும் பாகான் டத்தோ வட்டாரத்தாருக்கு அது எளிதில் பிடிபடும் உவமையும்கூட. ஆனால் அது பாதிதான் பொருந்தும். ஆறு கிளைநீர்களைச் சேர்த்துக்கொண்டே கடலை நோக்கிப் பெருகுகிறது, இதயத்திற்குத் திரும்பும் சிரைகள் அத்தகையவை. தமனிகளோ ஒரே பெருங்குழாயிலிருந்து பிரிந்து பிரிந்து சிறுத்துக்கொண்டே போகின்றன. ஆகவே தெலுக் இந்தானுக்கு அருகில் சுங்கை மாணிக் நெல்வயல்களுக்கு நீர் பிரித்துவிடும் வாய்க்கால் அமைப்பே தமனிகளுக்குச் சரியான உவமை. மணிக்கட்டிலோ தொடையிடுக்கிலோ நுழையும் கம்பி, ஒரு கடைமடை வாய்க்காலில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறித் தலைவாய்க்காலை அடைந்து, அங்கிருந்து வேறொரு கிளைக்குள் நீரோட்டத்தோடு இறங்குகிறது. ஏறுவதில் பெரிய சிரமமில்லை, ஏனெனில் கிளைகள் யாவும் ஒன்றில்தான் போய் முடிகின்றன. இறங்கும்போதுதான் ஒவ்வொரு பிரிவிலும் எந்தப் பக்கம் திரும்புவது என்ற கேள்வி எழுகிறது. கம்பியைத் திருப்பும் கலை அங்கே தொடங்குகிறது.

உடலுக்குள் குழாய் விட்டு இதயத்தைத் தொடலாம் என்பதை 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் தம் கைச் சிரைக்குள் தாமே குழாயைச் செலுத்திக் காட்டினார். எனினும், அன்றாட மருத்துவமாக அது மாறியது ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென்-இவார் செல்டிங்கர் 1953-இல் வெளியிட்ட எளிய முறையால்தான். அதற்கு முன் பெரிய குழாயை நுழைக்கப் பெரிய ஊசி வேண்டும், அல்லது தமனியை வெட்டித் திறக்க வேண்டும். செல்டிங்கர் சிறிய ஊசியால் தமனியைத் துளைத்து, ஊசிக்குள் கம்பியை விட்டு, ஊசியை மட்டும் உருவியெடுத்து, நின்ற கம்பியின்மேல் கதீட்டரைக் கோத்துத் தள்ளினார். இன்று டயாலிசிஸ் நோயாளியின் கழுத்துச் சிரையில் குழாய் வைப்பது முதல் இதய ஸ்டென்ட் வரை எல்லாவற்றிலும் இந்த நான்கு அசைவுகளே அடிப்படை. இவற்றோடு பிறந்த முதல் விதியும் ஒன்று உண்டு: கம்பியின் வெளிமுனை ஒருபோதும் கையைவிட்டு நழுவக் கூடாது.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்ல்ஸ் டாட்டர், கால்விரல்கள் அழுகத் தொடங்கியும் காலை வெட்ட இசைய மறுத்துவிட்ட 82 வயது மூதாட்டியின் தொடைத் தமனி அடைப்பினூடே கம்பியைக் கடத்தி, அதன்மேல் மென்மேலும் தடித்த குழாய்களை ஏற்றி வழியை அகட்டினார். அந்தக் கால் பிழைத்தது. கிதார் தந்தியிலும் வாகன வேகமானியின் கேபிளிலும் கம்பி செய்து பார்த்த டாட்டரை அக்கால அறுவை மருத்துவர்கள் பலர் பொருட்படுத்தவில்லை. 1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனியில் முதன்முதலாகப் பலூனை விரித்தபோது, அப்பலூனின் நுனியில் ஒரு சிறு கம்பித்துண்டு அசையாமல் பொருத்தப்பட்டிருந்தது. பலூன் போன பக்கம் அதுவும் போகும்; திருப்ப முடியாது. ஆகவே வளைவில்லாத, எளிதில் எட்டும் அடைப்புகளுக்கே அந்தச் சிகிச்சை கைகொடுத்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜான் சிம்சன் பலூனையும் கம்பியையும் வேறுவேறாக்கி, பலூனுக்குள் தனியே நகரவும் சுழலவும் கூடிய கம்பியைப் புகுத்தியபின்தான் எல்லை விரிந்தது. வரலாற்றில் குருன்ட்சிக்கின் பெயர் பெரிதாக நிற்பது நியாயமே. ஆனால் அவருடைய பலூனை ஊர் ஊராகக் கொண்டு சென்றது சிம்சனின் கம்பி. 1986-இல் சென்னை அப்போலோ மருத்துவமனையில் மேத்யூ சாமுவேல் களரிக்கல் இந்தியாவின் முதல் இதயத் தமனி பலூன் சிகிச்சையைச் செய்தபோது, திருப்பக்கூடிய கம்பிகளின் காலம் தொடங்கிவிட்டிருந்தது.

இதயத் தமனிக்கான கம்பி 0.36 மில்லிமீட்டர் தடிமனும் ஏறத்தாழ 180 முதல் 190 சென்டிமீட்டர் வரை நீளமும் உடையது. அதன் நடுநரம்பு துருப்பிடிக்காத எஃகால் ஆனது, அல்லது எவ்வளவு வளைத்தாலும் பழைய வடிவுக்கே மீளும் நிட்டினோல் என்னும் நிக்கல்-டைட்டானியக் கலவையால் ஆனது. அந்நரம்பு நுனியை நெருங்க நெருங்க மெலிகிறது. நுனியைச் சுற்றியுள்ள பிளாட்டினம் போன்ற கன உலோகச் சுருள், எக்ஸ்ரே திரையில் அது கருங்கோடாகத் தெரிவதற்கானது. மேற்பூச்சு, நனைந்தவுடன் விலாங்கைப்போல் வழுக்குவதற்கானது. மருத்துவர் நுனியில் சில மில்லிமீட்டரைக் கையாலேயே சற்று வளைத்துவிடுகிறார். வெளிமுனையில் ஒரு சிறு பிடியை இறுக்கி இடமும் வலமும் உருட்டினால், ஒன்றரை மீட்டருக்கு அப்பால் அந்த வளைவு முகம் திரும்ப வேண்டும். எந்தக் கிளைவாயை அது நோக்குகிறதோ அதற்குள் மெல்லத் தள்ளப்படும். உருட்டிய அளவு நுனியும் உருண்டால் அது நல்ல கம்பி. வழியில் வளைவுகள் மிகுந்து உராய்வு கூடினால், கை உருட்டியது நடுவழியில் சேர்ந்துகொண்டே போய்த் திடீரென ஒரே துள்ளலாக நுனியை எட்டும், அத்துள்ளல் குழாயின் உட்சுவரைக் கீறிவிடவும் கூடும். வளைவதற்கு முன் நுனி தாங்கும் சுமை கிராம் கணக்கில் அளக்கப்படுகிறது. அன்றாடக் கம்பிக்கு அது 1 கிராம் அளவிலும், கல்லாய் இறுகிய பழைய அடைப்பைத் துளைக்கும் கம்பிக்கு 10 கிராமுக்கு மேலும் இருக்கும்.

கம்பியால் மட்டும் திரும்ப முடியாத இடத்தில் கதீட்டரே திரும்ப வேண்டும். இதற்குப் பழைய விடை, வளைவை முன்கூட்டியே குழாயில் அமைத்துவிடுவது: 1960-களின் பிற்பகுதியில் மெல்வின் ஜட்கின்ஸ் இடப்பக்க, வலப்பக்க இதயத் தமனிகளின் வாய்க்கென்று தனித்தனியே வடித்த வடிவங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. புதிய விடை, உள்ளே போனபின் வளையும் குழாய். அதன் சுவருக்குள் மெல்லிய இழுகம்பி ஒன்று நுனிவரை ஓடி அங்கே ஒரு பக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. கைப்பிடியிலுள்ள திருகைச் சுழற்றினால் இழுகம்பி இறுகி, நுனி அந்தப் பக்கம் தலைசாய்க்கிறது. பொம்மலாட்டக்காரர் நூலை இழுத்துப் பொம்மையின் கையை மடக்குவதும் இதே இயக்கந்தான். வேறுபாடு என்னவெனில், இங்கே நூல் பொம்மையின் உடலுக்குள்ளேயே ஓடுகிறது.

திருப்புவதைவிட நுட்பமானது, உள்ளே கிடக்கும் கம்பியைப் பிடிப்பது. 1964-இல் மருத்துவ இதழொன்றில் தாமஸும் உடன்பணியாளர்களும் விவரித்த நிகழ்வில், நோயாளியின் இதய வலது மேலறையிலும் கீழ்ப்பெருஞ்சிரையிலுமாகக் கிடந்த பொருள் முறிந்துபோன ஒரு வழிகாட்டிக் கம்பியேதான். மூச்சுக்குழாய்ச் சோதனைக்கான இடுக்கியைச் சிரை வழியே விட்டு அதை வெளியே எடுத்தார்கள். வழிகாட்ட வந்ததே வழிதவறியதால் பிறந்த தேவை இது. இடுக்கி குழாய்ச் சுவரையும் சேர்த்துக் கவ்விவிடும் என்பதால் சுருக்குக் கண்ணி அதன் இடத்தைப் பிடித்தது. இப்போது பரவலாகப் பயன்படும் வகை நிட்டினோல் தண்டின் நுனியில் செங்குத்தாக மடிந்து நிற்கும் ஒரு வட்டக் கண்ணி. வாத்தின் கழுத்தைப்போல் மடிவதால் ஆங்கிலத்தில் அப்பெயரே அதற்கு அமைந்துவிட்டது. மெல்லிய உறைக்குழாய்க்குள் ஒடுங்கிச் செல்லும் கண்ணி, வெளியே தள்ளப்பட்டதும் குழாயின் அகலத்தை நிறைத்தபடி விரிந்து, அவ்வழியே வரும் எதுவும் தனக்குள் நுழைந்தே தீரும்படி வாய்திறந்து நிற்கிறது.

கேட்க எளிதாக இருக்கும் இச்செயலில் இரண்டு சூட்சுமங்கள் உள்ளன. எக்ஸ்ரே படம் தட்டையானது. கம்பி கண்ணிக்குள் இருப்பதுபோல் திரையில் தெரிந்தாலும், அது கண்ணிக்கு முன்னாலோ பின்னாலோ கடந்து போயிருக்கலாம். ஆகவே எக்ஸ்ரே கருவியின் வளைகரத்தைச் சுழற்றி வேறொரு கோணத்திலும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அடுத்தது, கம்பி உள்ளே வந்ததும் கண்ணியைப் பின்னுக்கு இழுக்கக் கூடாது. இழுத்தால் இறுகுவதற்குள் அது விலகிப் போய்விடும். கண்ணியை இருந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, உறைக்குழாயை முன்னுக்குத் தள்ளி அதன் கழுத்தை நெரிக்க வேண்டும். பழகாத கை முதலில் செய்யும் பிழை பெரும்பாலும் இங்கேதான்.

கண்ணி தவறியதை மீட்க மட்டுமன்று, உள்ளே சென்ற கம்பியின் மறுமுனையைப் பிடிக்கவும் உதவுகிறது. இவ்வளவு பாடுபட்டு அம்முனையைப் பிடிப்பதன் பயன் தள்ளுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஒரு முனை மட்டுமே கையில் உள்ள கம்பியின்மேல் பலூனைத் தள்ளும்போது, அடைப்பு கடினமாக இருந்தால் கம்பி முன்னேறாமல் வளைந்து மடிகிறது. கயிற்றைத் தள்ளி எவராலும் பாரம் நகர்த்த முடிவதில்லை. அதே கம்பி மறுமுனையில் பிடிபட்டு உடலுக்கு வெளியே கொண்டுவரப்பட்டால், இருபுறமும் இழுத்துப்பிடித்த விறைப்பான தண்டவாளமாகிறது. அதன்மேல் எதையும் ஏற்றிச் செல்லலாம். வயிற்றுப் பெருந்தமனியின் வீக்கத்திற்குள் இரண்டு கால்களையுடைய செயற்கைக் குழாயைப் பொருத்தும் சிகிச்சையில், இரண்டாம் காலின் வாய்க்குள் கீழிருந்து கம்பி நுழைய மறுக்கும்போது மறுபக்கத்திலிருந்து கம்பியைச் சுற்றிவிட்டுக் கண்ணியால் பிடிப்பார்கள். இதயத் தமனியின் முற்றிய அடைப்பில், முன்பக்கம் வழியில்லாதபோது, இதயத்தின் இடைச்சுவரிலுள்ள நுண் இணைப்புக் குழாய்கள் வழியே பின்பக்கமாக வந்து அடைப்பைத் துளைக்கும் முறையை ஜப்பானியரான ஓசாமு காட்டோவும் குழுவினரும் 2006-இல் விவரித்தார்கள். அப்படிச் சுற்றிவந்து மறுகை வழியே வெளிவருவதற்கென்றே 330 சென்டிமீட்டர் நீளக் கம்பிகள் செய்யப்படுகின்றன. இறுக்கத்திற்கு ஒரு விலையும் உண்டு: வெறுங்கம்பியை அளவுமீறி இழுத்தால் வளைவின் உட்புறத்தில் அது அரம்போல் குழாயை அறுக்கும். ஆகவே இழுபடும் பகுதியைக் கதீட்டரால் மூடியே இழுக்கிறார்கள்.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பாகான் டத்தோவின் தென்னந்தோப்புகளிலிருந்தும் வரும் நோயாளிகளுக்கு இவற்றுள் மிக நெருக்கமானது காலைக் காக்கும் பயன்பாடாகத்தான் இருக்கும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியரிடையே அது மிகுதி. இங்கே இனிப்புநீர் என்று வழங்கும் இந்நோய் முழங்காலுக்குக் கீழுள்ள மெல்லிய தமனிகளை நீளவாக்கில் அடைக்கிறது, சுவரில் சுண்ணம் படியச் செய்கிறது. ஆறாத விரல்புண் காலை எடுக்கும் பேச்சில் போய் முடிகிறது. தொடையிலிருந்து இறங்கும் கம்பி அடைப்பைக் கடக்க முடியாமல் சுவரின் அடுக்குகளுக்கிடையே வழிமாறிப் போனால், மருத்துவர் பாதத்தின் தமனியை மெல்லிய ஊசியால் துளைத்துக் கீழிருந்து மேலாக இன்னொரு கம்பியை அனுப்புகிறார். மேலே காத்திருக்கும் கண்ணி அதைப் பிடித்துத் தொடை வழியே வெளியே இழுக்கிறது. பாதத்தில் ஒரு முனையும் தொடையில் மறுமுனையுமாக நிற்கும் கம்பியின்மேல் பலூன் இறங்குகிறது. எல்லாக் கால்களும் இதனால் பிழைப்பதில்லை. புண் எலும்புவரை அழுகிய பின்னர் வருவோருக்கு வழி திறந்தும் பயன் குறைவு. பாகான் டத்தோவிலிருந்து தெலுக் இந்தான் மருத்துவமனைக்கும், அங்கிருந்து ஈப்போவிற்கோ கோலாலம்பூருக்கோ செல்லும் நெடுஞ்சாலை நேரத்தைவிட, விரலில் புண் தோன்றிய நாளுக்கும் முதல் மருத்துவரைப் பார்த்த நாளுக்கும் இடையே போகும் வாரங்களே பெரும்பாலும் கூடுதல்.

பேராக் மாநிலத்திற்குக் கதீட்டரோடு வேறொரு தொடர்பும் உண்டு. தைப்பிங்கை அடுத்த கமுண்டிங் தொழிற்பேட்டையில் ரப்பர்ப் பாலால் ஆன சிறுநீர்க் கதீட்டர்கள் செய்யப்பட்டு உலகெங்கும் போகின்றன. இரத்தக் குழாய்க்குள் செல்லும் கதீட்டர்கள் ரப்பரால் ஆனவை அல்ல, வலுவான பிளாஸ்டிக்கும் எஃகுப் பின்னலும் கொண்டவை. என்றாலும் பால்மரம் வெட்டியவர்களின் மாநிலம் மருத்துவக் குழாய் செய்யும் மாநிலமாகவும் ஆனது தற்செயல் அன்று.

புதிதாக டயாலிசிஸ் தொடங்கும் மலேசியர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் சிறுநீரகம் நீரிழிவால் பழுதானது என்பதால், செல்டிங்கரின் நான்கு அசைவுகள் கழுத்துச் சிரைகளில் நாள்தோறும் நிகழ்ந்துகொண்டிருக்கின்றன. கதீட்டரைத் தள்ளும் அவசரத்தில் கம்பியின் வெளிமுனை கைநழுவி, முழுக்கம்பியும் சிரைக்குள் போய்விடுவது அரிதாக இன்றும் நடக்கிறது. அதை மீட்பதும் அதே சுருக்குக் கண்ணிதான். ஆகவே கவனமான மருத்துவமனைகளில் குழாய் வைத்து முடிந்ததும் கம்பி தட்டுக்குத் திரும்பியதா, நுனி உடையாமல் இருக்கிறதா என்று இருவர் பார்த்து ஏட்டில் எழுதிய பின்னரே நோயாளியின் மேலுள்ள துணி அகற்றப்படுகிறது.