கொடிக்கம்பத்து நாடாவும் சீகிரியா ஓடுபாதையும்

இனாமலுவைச் சந்தியால் திரும்பிச் சீகிரியாவுக்குப் போகிறவர்கள் குன்றையே பார்த்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் இருக்கும் விமானப்படை ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. அங்கிருந்து பறந்த படையணிகளுக்குக் கொடியில் என்ன கௌரவம் என்று யோசித்தால் எழும் சில சந்தேகங்கள்.

சந்தேகம்: படையணிகளின் கொடிக்கம்பத்தில் தொங்கும் பட்டு நாடாக்கள் வெறும் அலங்காரமா?

விளக்கம்: இல்லை. அமெரிக்க விமானப்படையில் பல நாடாக்கள் ஒரு போரையோ கடல்கடந்த பணியையோ குறிக்கும். கம்ப முனைக்குச் சற்றுக் கீழே கட்டுவார்கள். வீரரின் பதக்கத்தில் உள்ள வர்ணக் கோடுகள்தான் நாடாவிலும் இருக்கும். பதக்கம் ஆளுக்கு, நாடா படையணிக்கு.

சந்தேகம்: பிரித்தானிய விமானப்படையிலும் இதே முறையா?

விளக்கம்: அங்கே போர்ப் பெயரைக் கொடியிலேயே தைப்பார்கள். 1943இல் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் ஏற்படுத்திய இளநீலப் பட்டுக்கொடி அது. அப்படித் தைக்கப்படும் பெயர்களில் நம்முடையதும் ஒன்று: ‘சிலோன், ஏப்ரல் 1942’. அந்த மாதம் 5ஆம் திகதி கொழும்பையும் 9ஆம் திகதி திருகோணமலையையும் ஜப்பானிய விமானங்கள் தாக்கியபோது எதிர்த்து நின்ற படையணிகளுக்கு உரிய கௌரவம்.

சந்தேகம்: சீகிரியாவிலிருந்து பறந்தவர்களுக்கும் அது உண்டா?

விளக்கம்: அங்கிருந்து பறந்த பிரித்தானிய விமானப்படையின் 160ஆம் படையணிக்கு இல்லை. அது தன் லிபரேட்டர் விமானங்களோடு சீகிரியாவுக்கு வந்தது 1943இல்தான். வங்காள விரிகுடாவைக் கடந்து சுமாத்திரா வரை வேவு பார்த்துத் திரும்பிய நான்கு இயந்திர விமானங்கள் அவை. கீழே கடலைத் தவிர இறங்க இடமில்லாத பயணம். பிறகு காங்கேசன்துறைக்கும் மின்னேரியாவுக்கும் இடம் மாறினார்கள். பட்டுக்கொடி கிடைக்கப் பொதுவாக ஒரு படையணிக்கு 25 ஆண்டுச் சேவை வேண்டும். 160 அவ்வளவு காலம் இருக்கவில்லை. 1946இல் அதன் எண்ணையே 120 என்று மாற்றிவிட்டார்கள். இவ்வளவு பறந்தவர்களின் எண் ஒரு கொடியிலும் வராமல் போனது எனக்கு மனத்தாங்கல்தான்.

சந்தேகம்: வெளிநாடு போகும் நம் விமானப்படையினருக்கு என்ன உண்டு?

விளக்கம்: 2014இலிருந்து மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா. அமைதிப் பணிக்கு நம் ஹெலிகொப்டர்கள் போயின. 90 நாள் பணி செய்தவருக்கு ஐ.நா. பதக்கம் உண்டு.

சந்தேகம்: 160க்குக் கொடி இல்லையென்றால் சீகிரியாக் காலத்து அடையாளம் எதுவும் மிஞ்சவில்லையா?

விளக்கம்: 160இன் சின்னத்தைப் பாருங்கள். வாளேந்திய சிங்கள சிங்கம். பிரித்தானியப் படையணிதான், ஆனால் அதன் வாசகம் சிங்களம்: ‘அபி சோயா பரகசமு’, தேடிச் சென்று தாக்குவோம். காசியப்ப மன்னனின் கதை சொல்லும் வழிகாட்டிகள் ஓடுபாதைப் பக்கம் கைநீட்டி இந்த மூன்று சொல்லையும் சொல்லலாம்.