கண்டெடுத்த படப்பதிவுத் திகில் வட்டுகள்

கண்டெடுத்த படப்பதிவு என்பது, கதைமாந்தர் தாமே எடுத்த நிகழ்படம் பின்னர் எவராலோ கண்டெடுக்கப்பட்டது போலக் காட்டும் திரைப்பட வகை ஆகும். பெரும்பாலும் திகில் படங்களே இம்முறையில் எடுக்கப்படுகின்றன. ஆடும் படக்கருவி, போதாத வெளிச்சம், திடீரென அறுபடும் ஒலி ஆகியன இவ்வகையில் குறைகள் அல்ல. படம் மெய்யானது என்ற மயக்கத்தைத் தருபவை அவையே. எனவே இப்படங்களை விசிடி, டிவிடி வட்டுகளாக வாங்கி வீட்டில் பார்ப்போருக்குத் தனியொரு சிக்கல் இருந்தது. படத்துக்குரிய குறை எது, படியெடுத்தவரால் நேர்ந்த குறை எது என்று பிரித்தறிவது எளிதன்று. திருட்டு விசிடிகள் பரவியிருந்த 2000களின் சென்னைக்கு இது மிகவும் பொருந்தும்.

வகையின் தோற்றம்

1980 இல் வெளியான கன்னிபல் ஹோலோகாஸ்ட் என்ற இத்தாலியப் படம் இவ்வகைக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்பட்டனரோ என்ற ஐயம் எழுந்ததால், அவர்கள் உயிருடன் இருப்பதை இயக்குநர் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. 1999 இல் வந்த பிளேர் விட்ச் புராஜெக்ட் இவ்வகையை உலகெங்கும் அறியச் செய்தது. ஓரன் பெலி தம் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டாலர் செலவில் எடுத்த பாராநார்மல் ஆக்டிவிட்டி 2007 இல் திரைப்பட விழாவிலும் 2009 இல் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாகவும் காட்டப்பட்டது. இந்தியில் ராகினி எம்.எம்.எஸ். (2011), கன்னடத்தில் 6-5=2 (2013), தமிழில் மர்மர் (2025) ஆகியன இம்முறையில் அமைந்தவை.

பர்மா பஜார்

சென்னைக் கடற்கரைத் தொடர்வண்டி நிலையத்தை அடுத்து, துறைமுகத்துக்கு எதிரே இராஜாஜி சாலையோரம் அமைந்தது பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காகத் தோன்றிய இச்சந்தை, வெளிநாட்டுப் பொருட்களுக்குப் பெயர்பெற்றது. இராயபுரம் போன்ற துறைமுகப் பகுதிகளில் வாழ்வோருக்கு இது அருகிலேயே உள்ளது. வெளிநாட்டுப் பொருட்கள் எங்கும் கிடைக்கத் தொடங்கிய பின்னர், 2000களில் இங்கு வட்டு விற்பனை பெருகியது. திருட்டு வட்டுகளுக்காகக் காவல்துறை பலமுறை சோதனை நடத்தியதும் இங்குதான்.

வட்டில் இழக்கப்படுபவை

விசிடியின் படம் 352×288 படப்புள்ளிகள் கொண்டது; டிவிடியில் இது 720×576 ஆகும். பகல் காட்சிகளில் இவ்வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம். இருட்டில் அவ்வாறன்று. விசிடியின் எம்பெக்-1 சுருக்கமுறையில் கரிய பகுதிகள் சதுரக் கட்டங்களாகச் சிதறும். பாராநார்மல் ஆக்டிவிட்டியில் அச்சம் முழுவதும், அசையாத படக்கருவி முன் நள்ளிரவில் ஒரு கதவு சற்றே நகர்வதில்தான் உள்ளது. கட்டங்களுக்குள் அந்நகர்வு மறைந்துவிட்டால் பார்ப்பவருக்கு எஞ்சுவது உறங்கும் இருவர் மட்டுமே. பிளேர் விட்ச் 81 நிமிடம் ஓடும். விசிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம் வரையே அடங்குவதால், நடுவில் எழுந்து வட்டை மாற்ற வேண்டும். திகிலுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை எனலாம்.

திரையரங்கில் ஒளிந்து எடுக்கப்படும் "தியேட்டர் பிரிண்ட்" இன்னும் குழப்பமானது. படத்திலுள்ள ஆட்டத்தோடு திருடியவரின் கையாட்டமும் சேர்ந்துவிடும். முன்வரிசையில் ஒருவர் எழுந்து போகும்போதுதான் எது எவருடையது என்பது தெளிவாகும்.

முடிவும் மாறலாம். பாராநார்மல் ஆக்டிவிட்டிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. 2007 இல் விழாவில் காட்டப்பட்டது 2009 இன் திரையரங்கு முடிவிலிருந்து வேறானது. முறையாக வெளியான டிவிடியில் மாற்று முடிவும் இணைக்கப்பட்டிருந்தது. உறை கூட இல்லாத படியை வாங்கியவர், தாம் பார்த்தது எந்த முடிவு என்றே அறியமாட்டார்.

அசலை அறிதல்

1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52அ பிரிவின்படி, தணிக்கைச் சான்றிதழின் படி, வட்டை உருவாக்கியவரின் பெயரும் முகவரியும், உரிமம் பெற்றதற்கான அறிவிப்பு, பதிப்புரிமையாளரின் பெயரும் முகவரியும் ஆகியவை நிகழ்பட வட்டிலும் உறையிலும் இருத்தல் வேண்டும். சான்றிதழில் "ஏ" என்றிருப்பின் படம் வயது வந்தோருக்கு மட்டும் உரியது. அச்சிட்ட விசிடியின் அடிப்புறம் வெள்ளி நிறமாக இருக்கும். கணினியில் எழுதிய வட்டு பெரும்பாலும் ஊதா, நீலம் அல்லது பச்சைச் சாயலுடன் இருக்கும். டிவிடிக்கு வட்டாரக் குறியீடும் உண்டு. இந்தியாவுக்குரியது 5. அமெரிக்காவிலிருந்து உறவினர் அனுப்பும் அசல் வட்டு 1 எனக் குறிக்கப்பட்டிருப்பின், இங்குள்ள இயக்கியில் ஓடாமற் போகலாம். அவ்வகையில் நேர்மையாக வாங்கியவருக்கே தொல்லை அதிகம்.

விலையும் தடையாக இருந்தது. 2007 இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது, திருட்டு வட்டின் விலையோடு போட்டியிடும் முயற்சியாகும்.

அதற்கு முன்பே, 2004 இல், தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் நிகழ்படத் திருடர்களையும் சேர்த்திருந்தது. இதன்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக்காவலில் வைக்க முடியும். பதிப்புரிமைச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு தனியே ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. ஒரு வட்டு வணிகரைச் சாராய வியாபாரி, போதைப்பொருள் குற்றவாளி ஆகியோருடன் ஒரே சட்டத்தில் வைத்தது மிகையானதா என்பது விவாதத்துக்குரியது.

பின்னர் இணையவழிப் படக்காட்சி பரவியதால் வட்டு வணிகம் சுருங்கியது. மோசர் பேர் 2018 இல் கலைப்புக்கு உள்ளானது.