புனைகதை ஈந்த சொற்கள்

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்தார் நன்னூலார். மரம், மலை, நிலம் என்பன முன்னோர் இட்ட குறிகள். பறத்தலாற் பறவை என்றும், அணியப்படுதலால் அணி என்றும் வழங்குவன காரணப்பெயர்கள். இப்பாகுபாட்டை ஆண்டுதோறும் பத்தாந் தர மாணவர்க்குக் கற்பித்து வருகின்றேன். சென்ற ஆண்டுத் தேர்வில், இடுகுறிப்பெயருக்கு எடுத்துக்காட்டுத் தருக என்ற வினாவுக்கு மாணவன் ஒருவன் ‘றோபோ’ என்று விடை எழுதியிருந்தான். சரியெனக் குறியிட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன். பின்னரே ஐயம் எழுந்தது. அச்சொல்லை ஆக்கியோர் காரணங் கருதியன்றோ ஆக்கினர்?

கதாசிரியர் கற்பனையிற் பிறக்குஞ் சொற்கள் பெரும்பாலும் அக்கதையோடே மடிகின்றன. ஒரு சில மட்டும் நூலை நீங்கி மக்கள் வழக்கினுட் புகுகின்றன. சுவிவ்ற் என்பார் 1726இல் வெளியிட்ட கலிவரின் பயண நூலில் வரும் லில்லிப்புத்து என்னுந் தீவின் பெயரால், சிறியது எதனையுங் குறிக்கும் பெயரடை ஒன்று ஆங்கிலத்துக்குக் கிடைத்தது. இன்னொரு சொல்லின் கதை நகைப்புக்குரியது. புல்வர் லிட்டன் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1871இல் எழுதிய கதையில், நிலத்தின் கீழ் வாழும் ஓரினத்தார் ‘விறில்’ எனும் பேராற்றலைக் கையாளுகின்றனர். மாட்டிறைச்சிச் சாறு காய்ச்சி விற்ற ஸ்கொத்லாந்து வணிகர் ஒருவர், 1880களில் தம் பண்டத்துக்குப் பெயர் தேடியபோது, மாட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் முற்பகுதியை இதனோடு ஒட்டிப் ‘பொவ்றில்’ என்றார். கதையைப் படிப்போர் இன்று அரியர். புட்டியோ இன்றும் விற்பனையாகின்றது. நம் அடுக்களைக்கு அது ஆகாதென்பது வேறு.

றோபோவின் வரலாறு இவற்றிலும் ஆழமானது. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக், ‘ஆர். யூ. ஆர்.’ என்னும் நாடகத்தை 1920இல் வெளியிட்டார். மறு ஆண்டு அது பிராக் நகரில் மேடையேறிற்று. மனிதருக்காக உழைப்பதற்கென்றே ஒரு தொழிற்சாலையில் ஆக்கப்படும் உயிர்கள், ஈற்றில் மனிதருக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து அவரை அழித்துவிடுகின்றன. அவ்வுயிர்களுக்கு என்ன பெயரிடுவது? உழைப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு ‘லபோரி’ எனலாமோ என்று கரேல் முதலில் எண்ணினார். அஃது ஏட்டுச் சொல்லாய் அவருக்குத் தோன்றிற்று. ஓவியரான தமையனார் ஜோசெப்பிடஞ் சென்று கேட்டார். தூரிகையை வாயிற் கௌவியபடி படந் தீட்டிக்கொண்டிருந்த தமையனார், அவ்வாறாயின் ‘றோபொட்’ என்று அழை என முணுமுணுத்தாராம். பெருமை தமையனாருக்கே உரியதென 1933இல் கரேல் பத்திரிகையில் எழுதி உலகுக்கு அறிவித்தார்.

செக் மொழியில் ‘றொபோட்டா’ என்பது, நிலக்கிழாருக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்ய வேண்டியிருந்த கட்டாய உழைப்பு. மரியா தெரேசா அரசியார் 1775இல் விடுத்த ஆணை அதனைக் கிழமைக்கு மூன்று நாளுக்கு மேற்படாதென வரையறுத்தது. 1848இலேயே அது முற்றாக ஒழிந்தது. ஆகவே அந்நாடகத்தைக் கண்ட செக் மக்களுக்கு அச்சொல் பாட்டன் பூட்டன் முதுகில் விழுந்த சுமையை நினைவூட்டியிருக்கும். அவர்களளவில் அது காரணப்பெயர்.

நாடகம் 1922இல் நியூயோர்க்கிலும் 1923இல் இலண்டனிலும் அரங்கேறியபோது சொல் மட்டும் கடல் கடந்தது. அதன் காரணம் பின்தங்கிவிட்டது. ஆங்கிலேயர் செவிக்கு அது வெற்றொலி. அந்த வெற்றிடத்திலே இரும்புடல் புகுந்தது. சாப்பெக்கின் உயிர்கள் இரும்பால் ஆனவையல்ல. உயிர்ச்சத்துப் போன்றதொரு பொருளாற் செய்யப்பட்டவை. ‘இயந்திர மனிதன்’ என நாம் செய்துகொண்ட தமிழாக்கமும், 2010இல் வெளிவந்த திரைப்படம் ஊரெங்கும் பரப்பிய ‘எந்திரன்’ என்பதும் அழகிய சொற்களே. ஆயின் அவை இரும்பைச் சொல்லுகின்றன; அடிமையைச் சொல்லவில்லை. சொல்லை ஈந்த ஜோசெப் நாஸிகளாற் சிறைப்பட்டு, அவர்தம் வதைமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் அல்லலுற்று 1945இல் இறந்தார் என்பதை அறியும்போது இம்மறதி நெஞ்சை உறுத்துகின்றது.

அப்பொருளைத் தருஞ் சொற்கள் தமிழில் இல்லாமற் போகவில்லை. சோழர் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்பது கூலியில்லாக் கட்டாய வேலை. இன்று வெட்டிப்பேச்சு என்றாற் பயனில் பேச்சு. ஒல்லாந்தர் காலத்து யாழ்ப்பாணத்தில் ‘ஊழியம்’ என்பது ஆட்சியாளர் வற்புறுத்தி வாங்கிய கட்டாயப் பணி. இன்று அரச ஊழியர் என்பது மதிப்புக்குரிய பெயர். பெண் கொடுப்போர் விரும்பிக் கேட்கும் பெயருங் கூட. பிறமொழியிற் புகுந்த சொல் மட்டுமன்று, பிறந்த வீட்டிலிருந்த சொல்லும் தன் காரணத்தை இழக்கின்றது.

‘சைபர்’ என்பதும் நோக்கத்தக்கது. வில்லியம் கிப்சன் என்பார் 1982இல் ஒரு சிறுகதையில், கணினிகளுக்கிடையே விரியும் வெளிக்குச் ‘சைபர்ஸ்பேஸ்’ எனப் பெயரிட்டார். எதையோ உணர்த்துவது போலிருந்தும் உண்மையிற் பொருளற்ற சொல் அது என அவரே பின்னாளிற் கூறியிருக்கின்றார். ஆயினும் அதன் முற்பகுதி மீகாமனைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லின் வழித்தோன்றல். 1948இல் நோபர்ட் வீனர் தம் புதிய அறிவியலுக்குப் பெயரிட்டபோது அக்கிரேக்கச் சொல்லையே அடியாகக் கொண்டார். நம் வழக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. அறபு வழி வந்த ‘சைபர்’ தமிழில் முன்னரே பூச்சியத்தைக் குறித்து நிற்கின்றது. ‘சைபர் குற்றம்’ எனச் செய்தித்தாளிற் கண்ட முதியவர் ஒருவர், குற்றமே நிகழவில்லையா தம்பி என்று என்னை வினவினார். இணையக் குற்றம் என்று எழுதியிருந்தால் அவர் மயங்கியிரார்.

அடியேதுமற்ற சொற்களும் உள. ஹைன்லைன் 1961இல் எழுதிய நாவலில் ‘குறொக்’ என்பது செவ்வாய்க் கிரகவாசிகளின் சொல். பருகுதல் என்பது அதன் நேர்ப்பொருள், ஒன்றை முழுதுணர்தல் என்பது விரிபொருள். கணினி வல்லுநர் சிலர் அதனைத் தம்முட் பயின்றனர். 2023இல் ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கும் அப்பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் சந்தையிற் பேசும் மக்கள் நாவில் அச்சொல் றோபோவைப் போல் ஏறவில்லை. உணர்தலுக்கு எம்மொழியினரிடமும் சொல் ஏற்கெனவே உண்டு. தானே இயங்கி உழைக்கும் படைப்புக்கு அன்று சொல் இருக்கவில்லை. என் கருத்தில், ஒரு புனைசொல் நிலைப்பதற்கு ஆக்கியோன் புகழைவிட இவ்வின்மையே பெரிதும் துணையாகின்றது.

மாணவனின் தாளை மீண்டும் எடுத்தேன். செக் மொழியிற் காரணமாய்ப் பிறந்தது தமிழில் இடுகுறியாயே வழங்குகின்றது; ஆதலின் இட்ட புள்ளியைக் குறைக்கவில்லை. ‘ஊழியம்’ என்பதன் பழம்பொருளைத் தேடி வருக என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.