ரெட்வுட் காடுகளும் பூர்வகுடிகளின் நிர்வாகப் பங்கும்

பொதுச் சொத்தாகிய ஒரு காட்டை யார், எந்த நோக்கத்துக்காக நிர்வகிப்பது என்னும் வினா, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் அண்மைக் காலத்தில் வலுவாக எழுந்தது. பங்கு, பொறுப்பு, வரவு செலவு ஆகியவற்றைப் பற்றிய வினாவாதலால், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களாகிய நமக்கும் இது அறிந்துகொள்ளத் தக்கதே.

முதலில் அம்மரத்தைப் பற்றிச் சிறிது கூறுவோம். ரெட்வுட் என்பது பசிபிக் கடற்கரையின் மூடுபனியில் செழித்து வளரும் மரம். நம் நாட்டுச் செம்மரத்துக்கும் இதற்கும் உறவு இல்லை. 350 அடிக்கு மேல் உயர்ந்தனவும் 2,000 ஆண்டுகளைக் கடந்தனவும் இவற்றுள் உண்டு. வெட்டிய அடிமரத்தைச் சுற்றி மீண்டும் துளிர்க்கும் இயல்பும் இதற்கு உண்டு. சுமார் 20 லட்சம் ஏக்கரில் பரவியிருந்த பழங்காட்டில், மர வியாபாரம் தொடங்கிய பின்னர் எஞ்சியது நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே.

மெண்டசீனோ மாவட்டத்தில் ஜாக்ஸன் மாநிலக் காடு என்று ஒன்று உள்ளது. அதன் பரப்பு 48,000 ஏக்கருக்கு மேல். பெரும்பகுதி மரங்களை வெட்டி முடித்திருந்த காஸ்பர் மரக் கம்பெனியிடமிருந்து 1947இல் மாநில அரசு அதை வாங்கியது. வெட்டப்பட்ட காட்டை மீண்டும் வளர்த்து, அளவோடு மரம் எடுத்து, இலாபமும் பெறலாம் என்று நிலச் சொந்தக்காரர்களுக்குச் செய்து காட்டுவதே அரசின் நோக்கம். மாநிலக் காடுகளுக்கான சட்டமும், உயர்ந்த மரப் பொருள்களை இடைவிடாது மிகுதியாக விளைவிப்பதே நிர்வாகம் என்று வரையறுத்தது. நீர்வளம், வனவிலங்கு, பொழுதுபோக்கு ஆகியவை கருத்திற் கொள்ளத் தக்கவை என்ற அளவில் இடம் பெற்றன.

ஆனால் 1947இல் கைமாறிய அந்நிலத்துக்கு அதற்கும் முந்திய உரிமையாளர் உண்டு. அது பொமோ மக்களின் பூர்வீக நிலம். கலிபோர்னியாவின் பூர்வகுடிகளோடு 1851, 1852ஆம் ஆண்டுகளில் செய்துகொண்ட 18 உடன்படிக்கைகளை அமெரிக்க செனட் சபை ஏற்க மறுத்தது. வாக்களித்த நிலம் கிட்டவில்லை. இருந்த நிலமும் பறிபோயிற்று. 1850இல் இயற்றிய மாநிலச் சட்டம், அவர்கள் புல்வெளிகளுக்குத் தீ இடுவதையும் தண்டனைக்குரியதாக்கியது.

இத்தடையின் கொடுமையை நெசவாளர்கள் எளிதில் உணர்வர். பொமோ மக்கள் கூடை முடைவதில் உலகப் புகழ் பெற்றவர்கள். நீர் கசியாத கூடையில் சூடேற்றிய கற்களை இட்டு, ஓக் கொட்டை மாவைக் கஞ்சியாகக் காய்ச்சும் அளவுக்கு அவர்கள் முடைவது நெருக்கமானது. கோரை வேரும் வில்லோ மரக் குச்சியும் அதற்கு மூலப்பொருள்கள். காலமறிந்து சிறு தீ இட்டால், பல செடிகளில் கிளையற்ற நேரான குச்சிகள் கிளம்பும். தரையிலுள்ள சருகும் குறையும். பெருந்தீ பரவ இடம் இராது. தீயைத் தடுத்ததும் கைத்தொழிலுக்கு மூலப்பொருள் குன்றியது. மேலும், உணவு தரும் டான் ஓக் மரத்தை, ரெட்வுட் வளர்ச்சிக்கு இடையூறு என்று கருதி மருந்திட்டுக் கொல்வது மரக் கம்பெனிகளின் வழக்கம். கூடை முடைவோர் குச்சியைப் பல்லால் பிளப்பவர்களாதலால், நச்சு மருந்து அவர்கள் வாய்க்கே வந்து சேரும்.

ஜாக்ஸன் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து 2021இல் மறியல் நடந்தது. கொயோட்டி வேலி பொமோ குழுவினர் அரசோடு நேரடிப் பேச்சுக் கோரினர். 2022 ஆகஸ்டில் மாநில அரசு, பூர்வகுடிகளுடன் இணைந்து நிர்வகிக்கும் புதிய நோக்கை அறிவித்தது.

இணைந்து நிர்வகித்தல் என்பதன் பொருளை இங்கே தெளிவாக்க வேண்டும். முடிவெடுத்த பின் ஒருவரிடம் கருத்துக் கேட்பது ஆலோசனை; முடிவெடுக்கும் இடத்திலேயே அவரை அமர்த்துவது பங்கு. நம் சங்கங்களில் நிர்வாகக் குழு வேறு, பார்வையாளர் வேறு அல்லவா? அத்தகைய வேறுபாடே இது.

இதற்கு நடைமுறைச் சான்றுகள் உண்டு. 2022 ஜனவரியில், ரெட்வுட் பாதுகாப்புக் கழகம் ஒன்று மெண்டசீனோ கடற்கரைப் பகுதியில் தான் வாங்கிய 523 ஏக்கர் காட்டை, 10 பூர்வகுடிக் குழுக்கள் அடங்கிய சிங்கியோன் மன்றத்துக்கு உரிமையோடு அளித்தது. வணிகத்துக்காக மரம் வெட்டலாகாது என்னும் நிரந்தர நிபந்தனையைக் காக்கும் பொறுப்பைக் கழகம் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2024 மார்ச்சில், பழைய மர ஆலை இருந்த 125 ஏக்கர் நிலத்தை யூரொக் மக்களுக்குத் திருப்பி அளிக்கவும், தேசியப் பூங்காத் துறையும் மாநிலப் பூங்காத் துறையும் அவர்களோடு இணைந்து பராமரிக்கவும் ஒப்பந்தம் ஆயிற்று. அங்கு ஆலையின் தார்த் தரையை அகற்றி, சால்மன் மீன் ஏறிவரும் ஓடையைச் சீர்ப்படுத்திய வேலையில் யூரொக் மக்கள் முன்னின்றனர்.

மறுபக்க வாதத்தையும் கூறுவது நேர்மை. வளர்ச்சிக்கு மிஞ்சாமல் வெட்டினால் காடு குறையாது என்பர் காட்டுத் துறையினர். அறுவை ஆலைத் தொழிலாளரின் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது. வட்டியை மட்டும் செலவழித்தால் முதல் குறையாது என்னும் கணக்குத்தான் இது. ஆயின் மரத்தின் கன அடியை மட்டும் முதலாக எழுதி, நூறாண்டு மரத்தின் நிழல், ஓடையின் குளிர்ச்சி, மீன், ஓக் கொட்டை, கூடைக் குச்சி ஆகியவற்றைப் பேரேட்டில் ஏற்றாது விட்டால், அக்கணக்கு முழுமையான கணக்காகாது.

எல்லாவற்றிலும் கடினமான பகுதி பணமே. ஜாக்ஸன் காட்டின் நிர்வாகச் செலவுக்கு நெடுங்காலம் பெரிதும் ஆதாரமாயிருந்தது மர விற்பனை. காவலரின் சம்பளம் மரம் விற்ற பணத்திலிருந்து வருமாயின், எத்துணை நல்ல காவலரும் கோடரியை முற்றும் மறுக்க இயலாது. ஆகவே நோக்கம் மாற வேண்டுமாயின் மூன்றும் சேர்ந்து மாறுதல் வேண்டும்: சட்டத்தில் எழுதிய வரையறை, குழுவில் அமரும் ஆட்கள், செலவுக்கு வரும் நிதியின் வழி. இவற்றுள் ஒன்றை விட்டாலும் மற்றவை பெயரளவிலேயே நிற்கும்.

அங்கத்தினர்கள் தத்தம் சங்கத்தின் துணைவிதிகளையும் வரவு செலவுக் கணக்கையும் அடுத்த பொதுக்கூட்டத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்ப்பார்களாக. விதியில் எழுதிய நோக்கமும் பணம் செல்லும் வழியும் ஒன்றாக இருக்கின்றனவா என்பது அப்போது விளங்கும்.