பழைய காரைப் பொறியிடம் ஒப்படைக்கலாமா?

வீட்டிலுள்ள பொருள்கள் அனைத்தையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க இயலாது. சில பொருள்கள், விலை கொடுத்து வாங்கியமையால் நம்முடையவை. வேறு சில, நம்மோடு கூடவே வாழ்ந்தமையால் நம்முடையவை. பாட்டியாரின் தையற்பொறி, தந்தையாரின் கைக்கடிகாரம் ஆகியன இத்தகையன. சில இல்லங்களில் இவ்வரிசையில் ஒரு பழைய காரும் சேர்ந்து நிற்பதுண்டு. அத்தகைய ஒரு காரைப் பற்றியும், அதனைக் கழுவுவது பற்றி எழுந்த வழக்கு ஒன்றினைப் பற்றியுமே இங்கு எழுத விழைகின்றேன். பொருள் சிறிது என எண்ணி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. குடும்பங்களில் மனக்கசப்பு பெரும்பாலும் சிறு பொருள்களிலிருந்தே பிறக்கின்றது.

கடலோரப் பங்கு ஒன்றில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாழ்கின்றார். வயது 79. அவர் 1985ஆம் ஆண்டில் முன்பணம் கட்டி, காத்திருந்து வாங்கிய வெள்ளை அம்பாசிடர், மார்க் 4, இன்றும் அவர் வீட்டு முற்றத்தில் நிற்கின்றது. மூத்த மகளைப் பிரசவத்திற்கு நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதும் அக்காரே. அவருடைய துணைவியாரை இறுதியாக மருத்துவமனையிலிருந்து இல்லத்திற்குக் கொணர்ந்ததும் அக்காரே. அம்பாசிடர் கார்களை உருவாக்கிய உத்தரபாரா தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. பதினைந்து ஆண்டுகளைக் கடந்த கார் ஆகையால், ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவினைப் புதுப்பித்து, அதனை ஓடும் நிலையில் வைத்திருக்கின்றார்.

சனிக்கிழமைதோறும் விடியற்காலையில் வேப்பமரத்தடியில் காரை நிறுத்தித் தம் கையாலேயே கழுவுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு முழங்காலிலும் விரல் மூட்டுகளிலும் வலி கண்டது. குனிந்து செய்யும் வேலை கூடாது என மருத்துவர் தடுத்துவிட்டார். அவ்வேளையில் சென்னையிலிருந்து தமது புதிய காரில் விடுமுறைக்கு வந்திருந்த மகன், “அப்பா, இந்தப் பாடு எதற்கு? பக்கத்து நகரத்தில் கார் கழுவும் பொறி வைத்திருக்கின்றார்கள். பத்தே நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்” என்றார். தந்தையாரோ, “உன் சட்டையைச் சலவைப் பொறியில் போடு, என் காரைப் போடாதே” என்று கூறிவிட்டார். பேச்சு வளர்ந்தது. “பழைய தகரத்துக்கு இவ்வளவு வீம்பா?” என்று ஒரு சொல் மகனின் வாயிலிருந்து விழுந்துவிட்டது. அதன்பின் நான்கு நாள்கள் இருவரும் முகங்கொடுத்துப் பேசவில்லை.

மருமகள் என்னிடம் வந்தார். “சாமி, நீங்கள் ஒரு தீர்ப்புச் சொன்னால் இருவரும் கேட்பார்கள்” என்றார். கார் கழுவுவது குறித்துத் தீர்ப்புக் கூறக் குருமடத்தில் எனக்கு எவரும் கற்பித்ததில்லை. ஆதலால் அறிந்தவர்களிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்ட பின்னரே அவ்வீட்டிற்குச் சென்றேன். அவ்வாறு அறிந்தவற்றை, கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால், இங்குத் தொகுத்துத் தருகின்றேன்.

பொறி வந்த வரலாறு

கார் கழுவுவதைத் தொழிற்சாலை முறையில் நடத்தும் எண்ணம் அமெரிக்காவில் கார்த் தொழிலின் தலைநகராகிய டெட்ராய்ட் நகரில் 1914ஆம் ஆண்டிலேயே செயலுக்கு வந்தது. அங்குப் பொறி ஏதுமில்லை. காரை ஆட்கள் தள்ளிச் செல்ல, ஒருவர் சோப்பு நீர் பூசுவார், அடுத்தவர் அலசுவார், மற்றொருவர் துடைப்பார். 1940களில் இழுவைச் சங்கிலிகளும் நீர்த்தாரைகளும் சேர்ந்தன. 1962ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த வைகலே, சுல்ஸ்பெர்கர் என்னும் இருவர், நிற்கும் காரைச் சுற்றிச் சுழன்று வரும் தூரிகைகளைக் கொண்ட பொறிக்குக் காப்புரிமை வேண்டினர்.

இன்று மூவகைப் பொறிகள் உள்ளன. முதல் வகையில் கார் நிற்கும், தூரிகைச் சட்டம் அதன்மேல் முன்னும் பின்னும் நகரும். இரண்டாம் வகையில் காரே ஒரு சுரங்கம் போன்ற கூடத்தின் வழியே இழுத்துச் செல்லப்படும். மூன்றாம் வகையில் தூரிகையே இல்லை. வீரியமிக்க சோப்பு நீரும் அழுத்தத்தில் பாயும் தண்ணீருமே அழுக்கை நீக்கும். நம் ஊர்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘வாட்டர் சர்வீஸ்’ இம்மூன்றிலும் சேராது. காரைத் தூக்கி நிறுத்தி, ஆட்கள் நீர்த்துப்பாக்கியால் அடித்துக் கழுவும் முறை அது.

மயிரிழையளவான பாதுகாப்பு

பொறி காருக்குத் தீங்கு செய்யுமா என்னும் வினாவிற்கு விடை, காரின்மேல் பூசப்பட்டுள்ள வண்ணத்தின் தடிப்பில் அடங்கியுள்ளது. இக்காலக் கார்களில் இரும்புத் தகட்டின்மேல் துருத்தடுப்புப் பூச்சு, அடிப்பூச்சு, நிறப்பூச்சு, அனைத்திற்கும் மேலாக நிறமற்ற ஒரு பளபளப்புப் பூச்சு எனப் பல அடுக்குகள் உள்ளன. இவை யாவும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மேலுள்ள பளபளப்புப் பூச்சு மட்டும் 40 அல்லது 50 மைக்ரான் அளவே. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பைவிட அது குறைவு.

மணலில் கலந்துள்ள படிகக்கல் துகள் அப்பூச்சைவிடப் பன்மடங்கு கடினமானது. எனவே காரைக் கீறுவது தூரிகை அன்று. தூரிகை ஏந்தி வரும் மணல். நமக்கு முன்னர்ச் சேறு படிந்த வண்டி ஒன்று பொறியினுள் சென்றிருந்தால், அதன் மணல் நம் காரின்மேல் சுழலக்கூடும். தொடக்கக் காலத்து நைலான் தூரிகைகள் தாமே கடுமையானவை. இன்று மென்துணிப் பட்டைகளும், அழுக்கை உறிஞ்சாத நுரைப்பட்டைகளும் வந்துள்ளமையால் தீங்கு பெரிதும் குறைந்துள்ளது. ஆனால் முற்றிலும் நீங்கிவிடவில்லை. வெயிலில் காரின் முன்மூடியை நோக்கினால், சூரியனின் நிழலுருவைச் சுற்றிச் சிலந்திவலை போல வட்டக் கீறல்கள் தெரிகின்றன அல்லவா? அவை இவ்வாறு பிறந்தவையே.

பழைய காரின் நிலை இன்னும் நொய்தானது. அதற்கு மேற்பூச்சு என்று தனியாக ஒன்றில்லை. நிறமே வெளித்தோல். மெருகிடும்போது துணியில் நிறம் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் தோல் சிறிது கரைகின்றது என்பதே அதன் பொருள். மேலும், டிங்கரிங் செய்து பட்டி வைத்து மறுவண்ணம் பூசப்பட்ட இடங்களில் சிறு வெடிப்பு இருந்தால், அழுத்தத்தில் பாயும் நீர் அவ்வெடிப்பில் நுழைந்து வண்ணத்தை ஏடு ஏடாகப் பெயர்த்துவிடும். காய்ந்து இறுகிய ரப்பர் பீடிங் வழியே நீர் கதவினுள் இறங்கித் தங்கினால் துரு அங்கிருந்து தொடங்கும். வீரியமிக்க சோப்புநீர் மெழுகைக் கரைத்து, அலுமினியப் பட்டைகளையும் மங்கச் செய்யும். நிமிர்ந்து நிற்கும் வானொலிக் கம்பியும் பழைய பக்கக் கண்ணாடியும் தூரிகையில் சிக்கினால் என்ன ஆகும் எனக் கூறவே வேண்டுவதில்லை.

இதுவரை தந்தையாரின் பக்கமே வென்றது.

கையும் குற்றமற்றது அன்று

அவ்வூரில் நாற்பதாண்டுகளாகக் கார்களுக்கு வண்ணம் பூசிவரும் ஒருவரை உடன் அழைத்துச் சென்றிருந்தேன். அவர் அம்பாசிடரின் முன்மூடியை வெயிலில் சாய்ந்து நோக்கினார். சிலந்திவலைக் கீறல்கள் அங்கும் இருந்தன. புதிய காரில் இருந்ததைவிட மிகுதியாகவே இருந்தன. இக்கார் எந்தப் பொறியையும் கண்டதில்லையே எனக் கேட்டேன். அவர் என்னைத் தனியே அழைத்து, “பொறி செய்ததில்லை, சாமி. ஒரே வாளி, ஒரே துணி. இருபது வருசமாக ஐயா துடைத்த தடம் இது” என்று தாழ்ந்த குரலில் கூறினார்.

உண்மை அதுவே. ஒரே வாளி நீரில் துணியை முக்கி, காரைத் துடைத்து, மீண்டும் அதே நீரில் முக்கும்போது, கழன்ற மணல் மறுபடியும் காருக்கே திரும்புகின்றது. நீரின்றி உலர்ந்த துணியால் தூசு தட்டுவது அதனினும் கேடு. பனியன் வேஸ்ட் மென்மையாகத் தோன்றினும், அதன் தையல் மடிப்பில் ஒளிந்திருக்கும் மணலுக்கு இரக்கமில்லை. நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பொழுது புலருமுன் ஒருவரே பல கார்களை ஒரு வாளி நீரில் துடைத்துச் செல்வதைக் காண்கின்றோம். அவரைக் குறை கூறுதல் முறையன்று. அவருக்குக் கிடைக்கும் நீரும் கூலியும் அவ்வளவே. கார் கீறல்படாதிருக்க வேண்டுமென்போர் அவருக்கு இரண்டாவது வாளியும், தூய துணிகளும், அதற்கேற்ற ஊதியமும் தரக் கடமைப்பட்டுள்ளனர்.

வண்ணக்காரர் கூறியதை ஆசிரியரிடம் எவ்வாறு சொல்வது என எனக்குத் தயக்கமாயிருந்தது. மறைத்தலும் தகாது. மெல்ல எடுத்துச் சொன்னேன். அவர் முன்மூடியின்மேல் கை வைத்தபடி சிறிது நேரம் நின்றார். பின்னர், “கழுவாமல் விட்டிருந்தால் கீறல் இருந்திராது, சாமி. காரும் இருந்திராது. இந்த உப்புக் காற்று தின்று முடித்திருக்கும்” என்றார். வண்ணக்காரர் உடனே, “அதுவும் மெய்தான்” என்று ஒப்புக்கொண்டார். மகன் தந்தையை நோக்கினார். தகரம் என்ற சொல்லுக்காக வருந்துவது அவர் முகத்தில் தெரிந்தது.

கழுவும் முறை

வண்ணக்காரர் கூறிய முறையைச் சுருக்கித் தருகின்றேன். காரை நிழலில் நிறுத்தி, முன்மூடி ஆறிய பிறகே தொடங்குக. முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஊற்றி, மணலைத் தானே கழலச் செய்க. வாளிகள் இரண்டு வேண்டும். ஒன்றில் காருக்குரிய மென்மையான ஷாம்பு நீர். மற்றொன்றில் துணியை அலசுவதற்கான தூய நீர். பாத்திரம் துலக்கும் சோப்பும் துணிச்சோப்புத் தூளும் மெழுகைக் கரைத்துவிடும். மைக்ரோஃபைபர் துணியால் வட்டமாகத் தேய்க்காமல் நேராக இழுத்துத் துடைக்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி, அவை இறுதியில்.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் காய்ந்தால் சுண்ணாம்புப் புள்ளிகள் படியும். ஆதலால் உடனே ஒற்றி எடுத்தல் நலம். பறவை எச்சத்தைச் சுரண்டலாகாது. ஈரத்துணியை அதன்மேல் சிறிது நேரம் இட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். கடலோரத்தார் வண்டியின் அடிப்பாகத்திலும் நல்ல நீர் ஊற்றி உப்பை அகற்றுக. கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபடாமல் காத்துக்கொள்க. அடிப்பாகத்திற்கு டீசல் அடிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுக. அது ரப்பர்ப் பகுதிகளை ஊதச் செய்து கெடுக்கின்றது. மூன்று நான்கு திங்களுக்கு ஒருமுறை மெழுகு பூசுதல் போதும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவோர், நிமிடத்திற்கு 15 லிட்டர் எனக் கொண்டால், 20 நிமிடத்தில் 300 லிட்டரைச் செலவிடுகின்றனர். மேற்கூறிய முறையில் நான்கைந்து வாளிகள் போதும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, மக்கள் குடங்களுடன் வரிசையில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். 2024ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பெங்களூரில் குடிநீரைக் கொண்டு கார் கழுவுவதற்குத் தடை விதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவித்தனர். இவ்வகையில் பொறிக்கு ஒரு பெருமை உண்டு. பயன்படுத்திய நீரை வடிகட்டி மீண்டும் பயன்படுத்தும் வசதி அமைந்த பொறி, நீரையும் சேமிக்கின்றது. எண்ணெய் கலந்த கழிவு தெருச் சாக்கடையில் சேராமலும் காக்கின்றது.

தீர்ப்பு

ஆகவே இருவருக்கும் பொதுவாக நான் கூறியது இது. அன்றாடம் ஓடும் மகனின் புதிய காருக்குப் பொறி ஆகும். ஆயினும் மென்துணி அல்லது நுரைப்பட்டை உள்ள பொறியா, தூரிகைக்கு முன் நீரால் மணலை அகற்றுகின்றார்களா எனக் கேட்டறிய வேண்டும். கண்ணாடிகளை மடக்கி, வானொலிக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். புதிதாக வண்ணம் பூசிய கார் ஒரு மாதமேனும் பொறியினுள் செல்லலாகாது. நுண்ணிய கீறல்கள் சில விழும். அதனை ஏற்பவரே செல்க.

தந்தையாரின் காருக்குத் தூரிகைப் பொறியும் ஆகாது, அருகிலிருந்து அடிக்கும் நீர்த்துப்பாக்கியும் ஆகாது. கைதான் வேண்டும். ஆனால் அக்கை அவருடையதாக இனி இருத்தல் இயலாது. பொறியா கையா என்று வாதிட்டுக்கொண்டிருந்த அவ்வீட்டில், எவருடைய கை என்ற வினாவை அதுவரை எவரும் எழுப்பவில்லை. தாழ்வாரத்தில் நின்றிருந்த பதின்மூன்று வயதுப் பேரன், “நான் கழுவுகிறேன், தாத்தா” என்றான். விடுமுறை முடியும்வரை அவன் அங்கே தங்குவதென முடிவாயிற்று.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவ்வழியே சென்றேன். வேப்பமரத்தடியில் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு வாளிகள். மகன் நகரத்திற்குச் சென்று புதிய துணிகள் வாங்கி வந்திருந்தார். பேரனின் கையிலிருந்து துணி நழுவி மண்ணில் விழுந்தது. அதனை எடுத்து அவன் மீண்டும் காரில் வைக்கப் போகையில், தாத்தாவின் கைத்தடி குறுக்கே நீண்டது. “கீழே விழுந்தது ஆகாது. வேறு எடு.” பையன் சிரித்துக்கொண்டே வேறு துணிக்கு ஓடினான்.

அன்று கார் கழுவி முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்றாம். பொறியில் பத்து நிமிடம்தான் ஆகும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரமும், தம் துணைவியாரை அக்காரில் முதன்முதலாக ஏற்றிச் சென்ற நாள் தொடங்கி, தாத்தா பேரனிடம் பேசிக்கொண்டே இருந்தார் என மருமகள் பின்னர்க் கூறினார்.