லின்னே (நிலாப் பள்ளம்)

லின்னே என்பது நிலாவின் பூமியை நோக்கிய பக்கத்தில் அமைந்துள்ள ஒரு சிறிய விண்கல் வீழ் பள்ளம் ஆகும். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கரோலஸ் லின்னேயஸ் (1707–1778) நினைவாக இப்பெயர் இடப்பட்டது. நிலாவின் மேற்பரப்பு மாறுகின்றதா என்ற 19ஆம் நூற்றாண்டு விவாதத்திற்கு இப்பள்ளமே காரணமாக இருந்தது.

அமைவிடம்

இது மாரே செரெனிட்டாட்டிஸ் எனப்படும் சமவெளியின் மேற்குப் பகுதியில் உள்ளது. மாரே என்பது இலத்தீனில் கடல் எனப் பொருள்படும். எனினும் இங்கு நீர் இல்லை. இது பண்டைய எரிமலைக் குழம்பு உறைந்து உருவான கரும்பாறைத் தளமாகும். லின்னேக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ 16 கி.மீ. விட்டமுள்ள பெசல் பள்ளம் உள்ளது. வடமேற்கே காக்கசஸ் மலைத்தொடர் அமைந்துள்ளது.

தோற்றம்

லின்னேயின் விட்டம் சுமார் 2.2 கி.மீ.; ஆழம் அரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். மோதலின்போது வெளியே வீசப்பட்ட பாறைத்துகள்கள் இதனைச் சுற்றி வெண்ணிற வளையமாகப் படிந்துள்ளன. நிலாவின் மண் காலப்போக்கில் கதிரவக் காற்றாலும் நுண்விண்கற்களாலும் கருமையடையும். எனவே இவ்வெண்மை, பள்ளம் நிலவியல் அளவில் இளையது என்பதைக் காட்டுகின்றது.

மாற்றம் பற்றிய விவாதம்

லோர்மன், மாட்லர் ஆகிய செருமானிய வானியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லின்னேயை, அதன் உண்மை அளவைவிட மிகப் பெரிய பள்ளமாகப் பதிவு செய்திருந்தனர். 1866இல் ஏதென்ஸ் வான்காணகத்தின் இயக்குநர் ஜூலியஸ் ஷ்மிட், அவ்விடத்தில் வெண்ணிறத் திட்டு ஒன்றே தெரிவதாகவும் பள்ளம் மறைந்துவிட்டதாகவும் அறிவித்தார். நிலா மாற்றமற்ற உலகம் என்று கருதப்பட்டு வந்த காலத்தில், இவ்வறிவிப்பு பலரையும் மீண்டும் நிலாவை நோக்கத் தூண்டியது. 1867இல் மாட்லர் மீண்டும் நோக்கி, தாம் முன்பு கண்டவாறே லின்னே உள்ளது என்றார்.

விளக்கம்

பூமியிலிருந்து நோக்கும்போது லின்னேயின் கோண அளவு ஏறத்தாழ 1.2 கோண நொடி மட்டுமே. இது 2.5 செ.மீ. அகலமுள்ள நாணயத்தை 4 கி.மீ.க்கும் அப்பாலிருந்து காண்பதற்கு ஒப்பாகும். வளிமண்டலக் கலக்கம் இத்தகைய சிறு உருவங்களை எளிதில் மறைத்துவிடும். மேலும், அவ்விடத்தில் கதிரவன் தாழ்வாக இருக்கும்போது மட்டுமே பள்ளத்தின் நிழல் தெளிவாகத் தெரியும். கதிரவன் உயர்ந்ததும் நிழல் சுருங்கி, வெண்ணிற வளையம் மட்டும் திட்டாகத் தோன்றும். இதனால் ஒரே பள்ளம் வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறாகத் தெரிகின்றது.

விண்கல ஆய்வுகள்

1971இல் அப்பல்லோ 15 விண்கலம் நிலாவைச் சுற்றியபடி லின்னேயைப் படம் பிடித்தது. 2009இல் ஏவப்பட்ட லூனார் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் விண்கலத்தின் அளவீடுகள், முன்பு கருதப்பட்டதுபோல் இது கிண்ண வடிவமுடையதன்று, அடி தட்டையான தலைகீழ்க் கூம்பு வடிவமுடையது எனக் காட்டின. அரிப்பால் சிதையாத விளிம்புடன் காணப்படுவதால், 1866இல் மாறியது பள்ளம் அன்று, அது கண்ணுக்குத் தெரிந்த விதமே என்பது உறுதியாகின்றது. சிறு விண்கற் பள்ளங்கள் உருவாகும் முறையை ஆராய்வோருக்கு லின்னே இன்று சிறந்த எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.