பிள்ளையைப் பார்ப்பவர் யார்?

காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூர் பழம்பெருமை வாய்ந்தது. பல்லவர் காலத்துச் செப்பேட்டால் வரலாற்று நூல்களில் இடம்பெற்ற ஊர் அது. இராமானுசரின் சீடராகிய கூரத்தாழ்வான் பிறந்த ஊரும் அதுவே. எனினும் இன்று நாம் பேச விழைவது செப்பேட்டைப் பற்றியன்று. தறியின் ஓரத்தில் விட்டத்திலிருந்து தொங்கும் தூளியைப் பற்றியே.

காஞ்சி வட்டாரத்து நெசவாளர் வீட்டில் தொழிலும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தன. தந்தை தறிக்குழியில் அமர்ந்திருப்பார். தாய் தார் சுற்றிக் கொடுப்பாள். பாட்டி ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறு கையால் வேறு வேலையைக் கவனிப்பாள். பிள்ளையைப் பார்க்க வெளியாள் வேண்டும் என்ற எண்ணமே அங்கு எழவில்லை. இன்று திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு வேனில் ஏறிச் செல்லும் இளம் பெண்கள் பலர். முறைவேலை இரவிலும் வரும். பாட்டியோ மூட்டுவலியால் எழ இயலாதவர், அல்லது வேறோர் ஊரில் வாழ்பவர். ஆகவே, பட்டணத்து வசதிபடைத்தோர் மட்டுமே ஒரு காலத்தில் கேட்ட கேள்வியை, இப்போது சிற்றூர்க் குடும்பங்களும் கேட்கின்றன: “பிள்ளையைப் பார்க்க நல்ல ஆள் கிடைக்குமா?”

இந்த “ஆள்” என்ற சொல்லில்தான் குழப்பம் தொடங்குகிறது. எந்த ஆள்? எதற்கு ஆள்?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தனர். பெற்றவளை நற்றாய் என்றும், வளர்ப்பவளைச் செவிலித்தாய் என்றும் தொல்காப்பியம் இரு தாயரை வேறுபடுத்திக் காட்டுகிறது. செவிலி ஏவலாள் அல்லள். அறிவுரை கூறும் உரிமையுடையவள். அவள் மகளே தலைவியின் தோழியாக அதே மனையில் வளர்ந்தாள் என்பதும் அந்நூல் தரும் செய்தி. இச்செய்தியை வாசகர் நினைவில் வைத்திருக்கட்டும். பின்னர் மீண்டும் இதற்கு வருவோம்.

“ஆயா” என்பது வேறு வழியில் வந்த சொல். குழந்தையைக் கவனிக்கும் பெண்ணைக் குறித்த போர்ச்சுக்கீசியச் சொல்லிலிருந்து அது நம் நாட்டுக்கு வந்தது. தொண்டை மண்டலத்தின் பல வீடுகளிலோ பெற்ற பாட்டியையே “ஆயா” என்று அழைப்பர். ஒரே சொல் பாட்டியையும் பணிப்பெண்ணையும் குறிப்பது தற்செயலே ஆயினும், நமக்கு அது பிடித்திருக்கிறது.

இன்று வீட்டுக்கு வந்து குழந்தையைக் கவனிப்போர் பலதரத்தினர். பேறுகாலத்தை ஒட்டிச் சில வாரங்கள் தங்கும் பயிற்சி பெற்ற செவிலி ஒருவர். தாய்க்கும் சேய்க்கும் உடல்நலம் காப்பது அவர் கடமை: தொப்புள்கொடியைத் தூய்மையாக வைத்தல், தாய்ப்பால் புகட்டத் துணைசெய்தல், காய்ச்சலோ மஞ்சள் நிறமோ கண்டால் உடனே மருத்துவரிடம் அனுப்புதல். குழந்தைக்குத் தாமே மருந்து முடிவு செய்வது அவர் வேலையன்று. குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் ஊற்றுவதும், முதல் ஆறு மாதத்துக்குள் சர்க்கரைத் தண்ணீரும் உரைமருந்தும் புகட்டுவதும் தீங்கு தரும் பழக்கங்கள். பாட்டி சொன்னாலும் சரி, பணிப்பெண் சொன்னாலும் சரி, அவற்றைத் தவிர்த்தல் நலம்.

ஆயாவின் பணி வேறு. உணவூட்டல், நீராட்டல், உறங்க வைத்தல், விளையாட்டுக் காட்டல், பேச்சுக் கொடுத்தல் ஆகியவை அவர் பொறுப்பு. குழந்தையின் முதற் சொற்கள் பெரும்பாலும் அவர் வாயிலிருந்தே வரும். ஆகவே தமிழ் பேசும் ஆயா கிடைத்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். வீட்டு வேலைக்கு வருபவரோ பாத்திரம் துலக்கி, துணி துவைத்து, தரை துடைப்பவர். சற்று வளர்ந்த பிள்ளைக்குப் பாடம் சொல்ல மாலையில் வரும் ஆசிரியை இன்னொருவர்.

நம் குடும்பங்கள் பல செய்வது என்ன? இம்மூவர் வேலையையும் ஒருவர் தலையில் ஏற்றி, ஒருவருக்குரிய ஊதியத்தை மட்டும் கொடுக்கின்றன! அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் மணி அடிக்கிறது, குழந்தையோ தண்ணீர் வாளியை நோக்கித் தவழ்கிறது. விபத்து நேர்ந்தால் பழி யாருக்கு? அரசன் சவுலின் பேரன் மெபிபொசேத்தை ஐந்து வயதில் தூக்கிக்கொண்டு ஓடிய செவிலி, பதற்றத்தில் அவனைத் தவற விட்டாள். அவன் வாழ்நாளெல்லாம் கால் ஊனமுற்றான் என்று சாமுவேலின் இரண்டாம் நூலில் படிக்கிறோம். அவள் அன்பில்லாதவள் அல்லள். அவளை ஓட வைத்த அவசரம் அவளுடையதன்று.

இன்னொரு வழக்கத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். கிராமத்திலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமியை அழைத்து வந்து, “சும்மா குழந்தையோடு விளையாடட்டும், நாங்கள் படிக்க வைக்கிறோம்” என்று சொல்லும் வழக்கம் அது. பக்தியுள்ள குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. பிள்ளையைப் பார்க்க ஒரு பிள்ளையை வைப்பது தருமமன்று, குற்றம். பதினான்கு வயதுக்கு உட்பட்டோரை வீட்டு வேலைக்கு அமர்த்துதல் 2006 அக்டோபர் 10 முதல் தடைசெய்யப்பட்டது. 2016இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், அவ்வயதினரை எத்தொழிலிலும் கூலிக்கு அமர்த்தலாகாது என்று மேலும் இறுக்கியது. இத்தகைய சிறுமியை எங்கேனும் கண்டால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம்.

ஊதியம் பெற்றுக் குழந்தை வளர்ப்பது இழிந்த வேலை என்று எண்ணுவோர் விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டட்டும். பார்வோனின் மகள் ஆற்றில் கண்டெடுத்த குழந்தைக்குப் பாலூட்ட ஒரு பெண்ணை அமர்த்தி, அதற்குக் கூலியும் பேசினாள். அப்பெண் மோசேயைப் பெற்ற தாயே. ரெபேக்காவின் செவிலி தெபோரா இறந்தபோது யாக்கோபின் குடும்பம் பெத்தேல் அருகே ஒரு மரத்தடியில் அவளை அடக்கம் செய்து, அம்மரத்துக்கு அழுகையின் பெயரையே இட்டது.

எல்லாக் காலத்திலும் அத்தகைய நன்றி காட்டப்படவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் துரைமார் குடும்பங்கள் தாயகம் திரும்பும்போது கப்பலில் பிள்ளைகளைக் கவனிக்க இந்திய ஆயாக்களை உடன் கொண்டுசென்றன. கரை சேர்ந்ததும் திரும்பிவரப் பயணச்சீட்டுக்கூடத் தராமல் பலரைக் கைவிட்டன. அத்தகையோருக்கெனவே இலண்டனில் ஆயாக்கள் இல்லம் நடந்தது. 1900இல் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அங்கே அவர்கள் நினைவாக 2022இல் நீல நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. நம் வீட்டு ஆயா கப்பலில் வரவில்லை. ஆயினும் பிள்ளை பள்ளிக்குச் சென்றதும் மறுநாளே “இனி வேண்டாம்” என்று சொல்லப்படும் ஆயாக்களை நாமும் கண்டிருக்கிறோம்.

ஆகவே வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே ஒரு தாளில் எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. வேலை நேரம், ஊதியம், விடுமுறை, எவ்வேலை உண்டு, எவ்வேலை இல்லை, நிறுத்துவதாயின் எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பன அதில் இருக்கட்டும். பெற்றோரின் தொலைபேசி எண், மருத்துவர் பெயர், 108 ஆகியவை சுவரில் ஒட்டப்படட்டும். முன்பு வேலை செய்த வீட்டில் விசாரிப்பது அவமதிப்பன்று. குழந்தையை யாரும் அடிக்கக்கூடாது என்பதை முதலிலேயே கூறிவிடுங்கள். பிள்ளை ஒருவரைக் கண்டு திடீரென அஞ்சினால் அதைக் கேட்டறியுங்கள், அவர் உறவினராயினும் சரியே.

வார ஓய்வைப் பற்றி ஒரு சொல். வீடே ஞாயிறு திருப்பலிக்குப் புறப்படும்; ஆயா மட்டும் கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பார். அவருக்கும் ஞாயிறு உண்டல்லவா? 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை, வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது வீட்டுப் பணியாளருக்கு ஓய்வு வேண்டும் என்கிறது. சகோதரி ஜீன் டெவோஸ் 1985இல் தொடங்கிய தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கம் இவ்வுரிமைகளுக்காகவே உழைத்து வருகிறது. அவர் சார்ந்த துறவற சபை 1897இல் நம் தமிழகத்து முளகுமூட்டில் தோன்றியது என்பதை அறிவோர் சிலரே. தமிழக அரசு 2007இல் வீட்டுப் பணியாளர் நலவாரியத்தை அமைத்தது. அதில் பதிவு செய்துகொள்வோருக்குக் கல்வி, மகப்பேறு, ஓய்வூதியம் முதலிய உதவிகள் உண்டு. உங்கள் வீட்டு ஆயா பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள்; இல்லையெனில் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அவரோடு ஒரு முறை சென்று வாருங்கள்.

இனி, செவிலியின் மகளுக்கு வருவோம். பழந்தமிழ் மனையில் அவள் தலைவியோடு வளர்ந்தாள். இன்று நம் குழந்தைக்குச் சோறூட்டும் பெண்ணின் குழந்தை எங்கே இருக்கிறது? அங்கன்வாடி மாலையில் மூடப்படும். நம் வீட்டுத் தாய் பணி முடிந்து வரும் வரை ஆயா நகர முடியாது. இடைப்பட்ட நேரத்தில் ஏழு வயது அக்காள் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் சுமந்து தெருவில் நிற்கிறாள். சில குடும்பங்கள் ஆயாவின் பிள்ளையையும் அழைத்துவரச் சொல்லி, இரு பிள்ளைகளுக்கும் ஒரே தட்டில் பிசைந்து ஊட்டச் சொல்கின்றன. வேறு சில, அங்கன்வாடி மூடும் முன்னரே அவரை அனுப்பிவிட்டு, மாலைப் பொழுதைத் தந்தை ஏற்குமாறு முறைவேலையை மாற்றிக்கொண்டுள்ளன. உங்கள் வீட்டில் எது இயலும் என்பதை இவ்வாரமே கணவனும் மனைவியும் ஆயாவோடு அமர்ந்து பேசுங்கள்.